விஜிஏ-வா, டிஜிட்டலா? எல்சிடி மானிட்டரை எதில் இணைப்பது

கேள்வி இதுதான்: 24 அங்குல எல்சிடி மானிட்டர், 1920×1080. பின்னால் விஜிஏ, டிவிஐ, எச்டிஎம்ஐ என்று மூன்று இணைப்புகள் இருக்கின்றன (விஜிஏ அனலாக், மற்ற இரண்டும் டிஜிட்டல்). பெட்டியில் வந்தது விஜிஏ கேபிள் மட்டும், அதையே போட்டாயிற்று. படம் வருகிறது, ஆனால் எழுத்துகள் சில இடங்களில் மங்கலாகத் தெரிகின்றன. கம்ப்யூட்டர் கொஞ்சம் பழையது, அதில் விஜிஏ, டிவிஐ இரண்டும் உண்டு. டிஜிட்டலுக்கு மாறினால் சரியாகுமா, இல்லை வீண் செலவா?

பெரும்பாலும் சரியாகிவிடும். நீங்கள் சொல்லும் அறிகுறியே காரணத்தைக் காட்டிக்கொடுக்கிறது. ஓர் இடத்தில் எழுத்து பளிச்சென்று இருக்கிறது, நாலு விரல் தள்ளி மங்கல், அதற்கப்புறம் மறுபடி பளிச். இப்படி மாறி மாறி வந்தால் இரண்டில் ஒன்று. ஒன்று, கம்ப்யூட்டர் 1920×1080-க்குப் பதிலாக வேறு ரெசல்யூஷனில் ஓடுகிறது. அதை டிஸ்ப்ளே செட்டிங்கில் முதலில் பார்த்துவிடுங்கள். எல்சிடி பேனலில் பிக்சல்களின் எண்ணிக்கை மாறாது. 1600×900 படத்தை 1920×1080 பிக்சலில் இழுத்துப் பரப்பினால் மங்கத்தான் செய்யும், எந்தக் கேபிளாலும் அதைக் காப்பாற்ற முடியாது. ரெசல்யூஷன் சரியாகவே இருக்கிறது என்றால் இரண்டாவது காரணம்: விஜிஏ வழியே வரும் சிக்னலை மானிட்டர் சரியான இடத்தில் வெட்டவில்லை.

‘டிஜிட்டல் என்றால் தரம் அதிகம்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அது பாதி உண்மை. விஜிஏ-வின் உண்மையான சிக்கல் நிறத்தில் இல்லை, கணக்கில் இருக்கிறது.

விஜிஏ-வை ஐபிஎம் 1987-இல் தன் பிஎஸ்/2 கம்ப்யூட்டர்களோடு கொண்டுவந்தது. அப்போது இருந்தவை பிக்சர் டியூப் மானிட்டர்கள். டியூபில் எலக்ட்ரான் கற்றை இடமிருந்து வலமாக ஓடும். சிக்னலின் மின்னழுத்தம் ஏறினால் அந்த இடம் வெளிச்சமாகும், இறங்கினால் இருட்டாகும். அவ்வளவுதான். ஒரு பிக்சல் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று டியூபுக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. அதனால் விஜிஏ கேபிளில் அந்தத் தகவலை அனுப்பவும் இல்லை. சிவப்பு, பச்சை, நீலம் என்று 0 முதல் 0.7 வோல்ட் வரை ஏறி இறங்கும் மூன்று கம்பிகள். ‘புது வரி தொடங்குகிறது’, ‘புது ஃபிரேம் தொடங்குகிறது’ என்று சொல்லும் இரண்டு சிங்க் கம்பிகள். படத்தைப் பொறுத்தவரை வேறு எதுவும் கிடையாது.

எல்சிடி வந்ததும் நிலைமை தலைகீழானது. பேனலில் ஒவ்வொரு பிக்சலும் தனித்தனிக் கட்டம், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் வேண்டும். கிராபிக்ஸ் கார்டு படத்தை எண்ணாகத்தான் வைத்திருக்கிறது. அதை அனலாக்காக, அதாவது ஏறி இறங்கும் மின்னழுத்தமாக மாற்றி விஜிஏ-வில் அனுப்புகிறது. மானிட்டர் அதை வாங்கித் திரும்ப எண்ணாக மாற்றிப் பேனலுக்குக் கொடுக்கிறது. நடுவில் இரண்டு மாற்றங்கள், இரண்டுமே தேவையில்லாதவை.

அதிலும் இரண்டாவது மாற்றம்தான் வம்பு. 1920×1080 படம் 60 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 60 முறை வரும்போது, கண்ணுக்குத் தெரியாத ஓரப் பகுதியையும் சேர்த்தால் ஒரு வரிக்கு 2200 பிக்சல். விநாடிக்கு 14 கோடியே 85 லட்சம் பிக்சல். ஒன்றுக்குக் கிடைக்கும் நேரம் ஏழு நானோவிநாடிகூட இல்லை. மானிட்டருக்கோ வரி தொடங்கும் நேரம் மட்டுமே தெரியும். அடுத்த வரி தொடங்குவதற்குள் எத்தனை துண்டாக வெட்டுவது, ஒவ்வொரு துண்டிலும் எந்த நொடியில் அளப்பது என்பதையெல்லாம் அதுவாக ஊகிக்க வேண்டும். ஓலைச்சுவடியில் புள்ளியும் இடைவெளியும் இல்லாமல் எழுதியிருப்பதைப் பதம் பிரித்துப் படிப்பது மாதிரி வேலை இது. தேர்ந்த ஆள் சரியாகப் பிரித்துவிடுவார். கொஞ்சம் பிசகினால் அர்த்தமே மாறும்.

2200-க்குப் பதிலாக மானிட்டர் 2198 என்று வெட்டினால் என்ன ஆகும்? வரியின் தொடக்கத்தில் சரியாக இருக்கும் அளவெடுப்பு, போகப் போக நகர்ந்து பிக்சலின் விளிம்பில் விழும், பிறகு மறுபடி நடுவுக்கு வரும். விளிம்பில் விழும் இடமெல்லாம் இரண்டு பிக்சலின் கலவை. திரையில் அது செங்குத்தான மங்கல் பட்டைகளாகத் தெரியும். இரண்டு துண்டு தப்பினால் ஏறக்குறைய இரண்டு பட்டை. நீங்கள் சொல்லும் ‘சில இடங்களில் மட்டும்’ பெரும்பாலும் இந்தப் பட்டைகள்தான். எண்ணிக்கை சரியாக இருந்து அளக்கும் நேரம் மட்டும் தள்ளியிருந்தால் பட்டை வராது, திரை முழுக்க ஒரே மாதிரி சற்றே கலங்கியிருக்கும், மெல்லிய கோடுகள் துடிக்கும். மானிட்டர் மெனுவில் முதலாவதைச் சரிசெய்வது கிளாக், இரண்டாவதைச் சரிசெய்வது ஃபேஸ்.

டிவிஐ 1999-இல் வந்தபோது இந்த ஊகத்துக்கே வேலை இல்லாமல் செய்தது. மூன்று ஜோடிக் கம்பிகளில் எண்கள் போகின்றன, நான்காவது ஜோடியில் கிளாக்கே, அதாவது ஒவ்வொரு பிக்சலின் நேரத்தைச் சொல்லும் சிக்னலே தனியாகப் போகிறது. கார்டு 57-ஆவது பிக்சலாக அனுப்பியது பேனலின் 57-ஆவது கட்டத்தில்தான் உட்காரும், ஒரு மயிரிழைகூட நகராது. எச்டிஎம்ஐ படத்தை அனுப்புவதும் இதே முறையில்தான். டிஸ்ப்ளேபோர்ட் என்ற இன்னொரு டிஜிட்டல் இணைப்பு தகவலைப் பொட்டலங்களாகக் கட்டி அனுப்புகிறது, கிளாக் அதற்குள்ளேயே இருக்கிறது. உள்வேலை வேறு, பலன் ஒன்று. ஆக 60 ஹெர்ட்ஸ் ஃபுல் எச்டி (1920×1080) மானிட்டருக்கு இந்த மூன்றில் எது சிறந்தது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். மூன்றும் ஒன்றுதான்.

கேபிள் வாங்கும் வரை விஜிஏ-விலேயே ஓட்ட வேண்டியிருக்கும் அல்லவா, அதை முடிந்தவரை சரியாக வைக்க ஒரு வழி. மானிட்டரைக் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள். பிறகு திரை நிறைய வெளிச்சமான எதையாவது திறந்துகொண்டு ஆட்டோ அட்ஜஸ்ட் பட்டனை அழுத்துங்கள். வெளிச்சம் ஏன் முக்கியம் என்றால், படம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைக் கறுப்பில்லாத முதல் பிக்சலையும் கடைசிப் பிக்சலையும் வைத்துத்தான் மானிட்டர் கண்டுபிடிக்கிறது. கறுப்புப் பின்னணியில் அழுத்தினால் ஓரத்தைத் தவறாக எடுத்துக்கொண்டு படத்தை ஒரு பக்கம் தள்ளிவிடும். ‘ஆட்டோ அழுத்தினேன், இன்னும் மோசமாகிவிட்டது’ என்று வரும் புகார்களில் நிறைய இந்த ரகம்தான்.

ஆட்டோ போதவில்லை என்றால் கையால் செய்யலாம். ஒரு பிக்சல் கறுப்பு, ஒரு பிக்சல் வெள்ளை என்று மாறி மாறி வரும் செங்குத்துக் கோட்டுப் படம் ஒன்றைப் பெயிண்ட் மாதிரி ஏதாவது ஒன்றில் வரைந்து, பெரிதாக்காமல் முழுத்திரையில் வையுங்கள். பட்டைகள் தெரிந்தால் முதலில் கிளாக்கை ஒவ்வொரு புள்ளியாக நகர்த்தி, பட்டை எல்லாம் மறைந்து திரை முழுக்க ஒரே மாதிரி ஆகும் இடத்தில் நிறுத்துங்கள். அடுத்தது ஃபேஸ்: கறுப்பு கறுப்பாகவும் வெள்ளை வெள்ளையாகவும் துடிப்பில்லாமல் நிற்கும் இடம்வரை. வரிசையை மாற்றாதீர்கள், கிளாக் தப்பாக இருக்கும்போது ஃபேஸை எங்கே வைத்தாலும் பட்டைதான் இடம் மாறும். நல்ல கேபிளும் நல்ல மானிட்டரும் இருந்து இதைப் பொறுமையாகச் செய்தால், ஃபுல் எச்டி-யில்கூட டிவிஐ-க்கு மிக அருகில் கொண்டுவந்துவிடலாம். 17, 19 அங்குலத்தில் வந்த 1280×1024 மானிட்டர்களில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்கூடச் சட்டென்று கண்டுபிடிப்பது கஷ்டம். விஜிஏ என்றாலே குப்பை என்பவர்களை நான் நம்புவதில்லை. ஆனால் ரெசல்யூஷன் மாறினால், கார்டு மாறினால், இந்தப் பாடெல்லாம் மறுபடி பட வேண்டும். டிஜிட்டலில் இது எதுவும் இல்லை என்பதே நான் அதைச் சொல்வதற்கு முதல் காரணம்.

விஜிஏ-வில் கேபிளே படத்தின் ஒரு பங்காளி. 0.7 வோல்ட்டுக்குள் ஒரு நிறத்துக்கு 256 படிகள் அடங்க வேண்டும் என்றால் ஒரு படிக்கு மூன்று மில்லிவோல்ட்கூட இல்லை. மெல்லிய, கவசமில்லாத கேபிளில் எழுத்துக்கு வலப்பக்கம் நிழல் மாதிரி ஒரு பேய் உருவம் வரும். பக்கத்தில் ஓடும் மின்கம்பி படத்தில் அலையாக ஏறும். ஒரு பின் வளைந்திருந்தால் திரையே நிறம் மாறும்: சிவப்பு வராவிட்டால் எல்லாம் பச்சை கலந்த நீலம், பச்சை வராவிட்டால் மெஜந்தா, நீலம் வராவிட்டால் மஞ்சள். இதைப் பார்த்துவிட்டுப் பேனல் போய்விட்டது என்று முடிவுகட்டுவதற்கு முன் கேபிளைக் கழற்றிப் பின்களைப் பாருங்கள். இன்னொரு ரகசியம்: மலிவான சில விஜிஏ கேபிள்களில் 12-ஆம், 15-ஆம் பின்களுக்குக் கம்பியே இருக்காது. மானிட்டர் தன் அளவைக் கம்ப்யூட்டருக்குச் சொல்வது அந்த இரண்டின் வழியாகத்தான். அது போகாவிட்டால் விண்டோஸ் 1024×768 மாதிரி எதையாவது கொடுத்துவிட்டு, 1920×1080-ஐப் பட்டியலிலேயே காட்டாது. டிரைவரைத் திரும்பத் திரும்ப இன்ஸ்டால் செய்து பயனில்லை.

1366×768 மானிட்டர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தலைவலி. 1366 என்பது எட்டால் வகுபடாத எண். அகலத்தை எட்டு எட்டாகக் கணக்கிடும் பல டிரைவர்கள் அதை 1360 என்று கொடுத்துவிடும். விஜிஏ-வில் வந்தால் 1280×768-உம் 1366×768-உம் வரி எண்ணிக்கையிலும் அலைவெண்ணிலும் ஏறக்குறைய ஒன்று. மானிட்டருக்கு அகலம் தெரிய வழியில்லை, குத்துமதிப்பாக ஒன்றை எடுத்துக்கொள்ளும். டிஜிட்டலில் இந்தக் குழப்பம் வராது, வந்த பிக்சலை எண்ணினாலே போதும்.

சரி, டிஜிட்டலுக்கு வருவோம். அங்கேயும் சில குழிகள் இருக்கின்றன, குறிப்பாக எச்டிஎம்ஐ-யில். எச்டிஎம்ஐ டிவி உலகத்தில் பிறந்தது. 1920×1080 என்றதும் சில கிராபிக்ஸ் கார்டுகள் ‘மறுமுனையில் டிவி இருக்கிறது’ என்று நினைத்துக்கொண்டு, 0 முதல் 255 வரையிலான நிற அளவை 16 முதல் 235-க்குள் சுருக்கி அனுப்பும். மானிட்டர் அதை முழு அளவு என்று எடுத்துக்கொண்டால் கறுப்பு சாம்பலாகும், படம் முழுக்க வெளிறிப்போகும். ‘விஜிஏ-வில் நிறம் நன்றாக இருந்தது, எச்டிஎம்ஐ போட்டதும் சோகையாகிவிட்டது’ என்று யாராவது சொன்னால் அவரை மறுக்காதீர்கள், அவர் பார்த்தது நிஜம். கார்டின் கண்ட்ரோல் பேனலில் டைனமிக் ரேஞ்ச் அல்லது குவாண்டைசேஷன் ரேஞ்ச் என்ற பெயரில் இருப்பதை ஃபுல் என்று மாற்றினால் சரியாகிவிடும். படத்தின் ஓரம் வெட்டுப்பட்டாலோ நாலு பக்கமும் கறுப்பு விளிம்பு வந்தாலோ அது ஓவர்ஸ்கேன். மானிட்டரிலோ கார்டிலோ அதை அணைக்க வேண்டும். டிவியையே மானிட்டராக வைப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: பல டிவிகள் நிறத் தகவலைப் பாதியாகக் குறைத்துத்தான் காட்டும், அதனால் கறுப்பில் சிவப்பு எழுத்து பிசிறடிக்கும். அந்த இன்புட்டுக்குப் பிசி என்று பெயர் வைத்தாலே பல மாடல்களில் இது போய்விடும். இந்த மூன்றையும் சரிசெய்யாத எச்டிஎம்ஐ-யைவிட ஒழுங்காக வைத்த விஜிஏ மேல்.

உங்கள் கம்ப்யூட்டரில் டிவிஐ இருக்கிறது, மானிட்டரிலும் இருக்கிறது. டிவிஐ-யிலிருந்து டிவிஐ-க்குப் போட்டால் இந்த டிவிக் குழப்பம் பெரும்பாலும் எழாது. ஆடியோ வேண்டாம் என்றால் நான் அதைத்தான் எடுப்பேன். கேபிளில் சிங்கிள் லிங்க், டூயல் லிங்க் என்று இரண்டு வகை. சிங்கிள் லிங்க் 165 மெகாஹெர்ட்ஸ் வரை தாங்கும். உங்களுக்குத் தேவை 148.5, முன்னே சொன்ன ‘விநாடிக்கு 14 கோடியே 85 லட்சம் பிக்சல்’தான் அது. போதும். 2560×1600 மாதிரிப் பெரிய திரை, அல்லது 144 ஹெர்ட்ஸ் ஃபுல் எச்டி என்றால்தான் டூயல் லிங்க்.

டிவிஐ என்று பெயர் இருந்தாலே டிஜிட்டல் என்று நம்பிவிட வேண்டாம். டிவிஐ-ஐ (DVI-I) என்ற வகை சாக்கெட்டில் அனலாக் சிக்னலும் சேர்ந்தே இருக்கிறது. தட்டையான பெரிய பின்னைச் சுற்றி நான்கு சிறு துளைகள் இருந்தால் அது இந்த வகை. டிவிஐ-யிலிருந்து விஜிஏ-வுக்கு மாற்றும் அந்தச் சின்ன அடாப்டர் எதையும் மாற்றுவதில்லை, அந்த நான்கு பின்னில் வரும் அனலாக்கை அப்படியே எடுத்து விஜிஏ பக்கம் விடுகிறது. நான்கு துளை இல்லாத டிவிஐ-டி சாக்கெட்டில் அது நுழையவே நுழையாது. வளைத்து நுழைத்தாலும் படம் வராது. அடாப்டர் விஷயத்தில் ஒரே விதிதான்: டிஜிட்டலுக்கு டிஜிட்டல் என்றால் பெரும்பாலும் வெறும் கம்பி போதும், அனலாக்குக்கும் டிஜிட்டலுக்கும் நடுவில் கட்டாயம் ஒரு சிப் வேண்டும். டிவிஐ–எச்டிஎம்ஐ அடாப்டர் வெறும் கம்பி, எந்தப் பக்கமிருந்தும் வேலை செய்யும். எச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏ-வுக்கு உள்ளே சிப் வைத்த கன்வெர்ட்டர் வேண்டும். வெறும் கம்பியாக விற்கிற எச்டிஎம்ஐ–விஜிஏ கேபிளைத் தொடாதீர்கள். டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐ-க்குப் போகும் சாதாரணக் கேபிள் ஒருவழிப் பாதை. கம்ப்யூட்டரில் டிஸ்ப்ளேபோர்ட், திரையில் எச்டிஎம்ஐ என்றால்தான் ஓடும். திருப்பிப் போட்டால் ஓடாது.

இந்த இடத்தில் ஒரு வேடிக்கை. ஏஎம்டி, இன்டெல், டெல், லெனோவா, சாம்சங், எல்ஜி எல்லாம் சேர்ந்து 2010 டிசம்பரிலேயே விஜிஏ-வை 2015-க்குள் கைவிடப் போவதாக அறிவித்தன. 2015-இல் வந்த இன்டெல் ஸ்கைலேக் சிப்பில் விஜிஏ உண்மையிலேயே இல்லை. அப்புறமும் மதர்போர்டுகளில் அந்த நீல சாக்கெட் வந்துகொண்டுதான் இருந்தது: டிஸ்ப்ளேபோர்ட் சிக்னலை போர்டிலேயே ஒரு சிப் அனலாக்காக மாற்றிக் கொடுத்தது. அதாவது, உள்ளேயிருந்து டிஜிட்டலாகவே வெளியே வந்ததை மெனக்கெட்டு அனலாக்காக்கி, மானிட்டரில் திரும்ப டிஜிட்டலாக்குகிறோம். அப்படிப்பட்ட கம்ப்யூட்டரில் விஜிஏ போடுவதற்கு ஒரு நியாயமும் இல்லை.

விஜிஏ-வுக்கு நியாயமான இடங்கள் என்றால் பழைய புரொஜெக்டர், எப்போதாவது எட்டிப்பார்க்கும் சர்வர் திரை, நீளக் கேபிள் ஓட வேண்டிய அரங்கம். நல்ல கனமான விஜிஏ கேபிள் முப்பது மீட்டர் போனாலும் மங்கலாகவாவது ஒரு படம் தரும். டிஜிட்டல் அப்படி இல்லை. ஒரு நீளம்வரை அப்பழுக்கில்லாமல் இருக்கும். எல்லையைத் தொட்டதும் திரையில் நிறப் புள்ளிகள் மினுங்கும், அதைத் தாண்டினால் கறுப்பு. அதனால்தான் தங்க முலாம் பூசிய விலையுயர்ந்த எச்டிஎம்ஐ கேபிளால் நிறம் கூடும் என்பது சுத்தப் பொய். புள்ளியும் துண்டிப்பும் இல்லாமல் படம் வருகிறதா, அந்தக் கேபிள் தன் வேலையை முழுசாகச் செய்துவிட்டது.

4கே, அதாவது ஃபுல் எச்டி-யைப் போல நான்கு மடங்கு பிக்சல் உள்ள திரை பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அடுத்த மானிட்டர் வாங்கும்போது தேவைப்படும். அங்கே எந்த டிஜிட்டல் என்பது முக்கியமாகிவிடும். எச்டிஎம்ஐ 1.4-இல் 4கே 30 ஹெர்ட்ஸ்தான் வரும், மவுஸ் பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பது மாதிரி நகரும். 60 ஹெர்ட்ஸுக்கு எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வேண்டும், கம்ப்யூட்டர், கேபிள், மானிட்டர் மூன்றும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும்.

உங்களுக்கு இப்போது வேண்டியது ஒரு சாதாரண டிவிஐ-டி கேபிள், இரண்டு மீட்டர் போதும். கம்ப்யூட்டரில் தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் மதர்போர்டில் உள்ள டிவிஐ-யில் செருகாமல் கார்டில் உள்ளதில் செருகுங்கள். விஜிஏ கேபிளைக் கழற்றிவிடுங்கள். இரண்டும் இருந்தால் சில மானிட்டர்கள் பழையபடி விஜிஏ-வையே பிடித்துக்கொள்ளும். பிறகு மானிட்டர் மெனுவைத் திறந்து பாருங்கள். கிளாக், ஃபேஸ், ஆட்டோ அட்ஜஸ்ட் எல்லாம் சாம்பல் நிறத்தில் செயலிழந்தோ காணாமலோ போயிருந்தால் டிஜிட்டலில்தான் ஓடுகிறது. இன்னும் வேலை செய்தால் எங்கோ அனலாக் ஒட்டிக்கொண்டிருக்கிறது. விஜிஏ மங்கலைச் சமாளிக்க ஷார்ப்னஸை ஏற்றி வைத்திருந்தால் அதைப் பழைய அளவுக்கு இறக்குங்கள், இல்லாவிட்டால் எழுத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு வரும். கடைசியாக விண்டோஸில் கிளியர்டைப் டியூனரை ஒருமுறை ஓட்டுங்கள். அது பிக்சலுக்குள் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலத் துண்டுகளைத் தனித்தனியாகக் கணக்கிட்டு எழுத்தைச் செதுக்குகிறது. விஜிஏ-வின் மங்கலில் நீங்கள் தேர்ந்தெடுத்தது இப்போது கண்ணுக்கு வேறு மாதிரி தெரியும்.